குடிபூரலன்று வந்த ஆமை

பரமலிங்கம் அண்ணை, ஆமையைக் கொண்டுபோனது நீங்கள். அதை நான் விற்றுவிட்டேன் என்று சனத்துக்குச் சொன்னதும் நீங்கள்.

பெயரைப் போட வேண்டாம், "ஒரு பெரியவர்" என்று எழுதினால் போதும் என்று இந்த இதழின் ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். என்னைப் பற்றிக் கதைத்தபோது யாரும் "ஒரு பெண்" என்று கதைக்கவில்லை. மாலா என்றுதான் கதைத்தார்கள். ஆகவே நானும் பெயரோடுதான் எழுதுகிறேன்.

அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்திருந்தேன். வீட்டுக்காரி சின்யோரா என் வாசலில் வந்து நின்றார். எண்பதை நெருங்கும் மனுசி. ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கையில் ஒரு சலாட் இலை. காலையிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்திருக்கிறார் போல. இலை வாடித் துணி மாதிரித் தொங்கியது.

தன் ஆமை பெப்பினா எங்கே என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஆனால் அவர் அடுத்துப் பார்த்தது என் முகத்தை அல்ல. எனக்குப் பின்னால், அறைக்குள், என் பெட்டிகளைப் பார்த்தார்.

இரண்டு அறை

இந்தத் தொடரைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பலெர்மோவிலிருந்து பகேரியா போகிற பக்கம், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் சின்யோராவின் பழைய வீடு இருக்கிறது. அவருடைய பாட்டனார் காலத்தில் கோடைக்கு வந்து தங்கக் கட்டியது. எலுமிச்சை, ஒலிவ், ஒரு வற்றிப்போன தண்ணீர்த் தொட்டி, பாதி விழுந்த மதில். கோடையில் மேல்மாடியை வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விடுவார்.

ஏழு வருடம், பலெர்மோவில் நாங்கள் இருந்த பிரான்காச்சோவிலிருந்து பஸ் பிடித்துப் போய் அந்த வீட்டைத் துடைத்தேன். பிறகு அங்கே காவலுக்கு இருந்த கிழவனும் கிழவியும் வடக்கே மகனிடம் போய்விட்டார்கள். அந்த வேலையையும் அவர்கள் இருந்த இரண்டு அறையையும் சின்யோரா எனக்குத் தந்தார். சோதனைக்காக முதலில் கொஞ்ச நாள், அது சரிவந்தால் மாத முடிவில் நிரந்தர ஒப்பந்தம் என்று பேச்சு.

எனக்கும் என் மனுசனுக்கும் அந்த வருடம் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தமும் வேண்டும், இருக்கிற வீட்டு முகவரியும் வேண்டும். மனுசன் பொலிதேயாமா பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார், பாதி நேர வேலை. அதைக் காட்டி இரண்டு பேருக்கும் எடுக்க முடியாது. பிரான்காச்சோ வீட்டையும் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஆகவே அந்த இரண்டு அறையும் அந்த ஒரு கையெழுத்தும்தான் எங்களுக்கு எல்லாம்.

கதவில் ஒட்டிய தாள்

விருந்தாளிகள் வந்தவுடன் வாசிப்பதற்கு மேல்மாடிக் கதவில் சின்யோரா ஒரு தாள் ஒட்டியிருந்தார். தோட்டத்தில் என்னென்ன உயிர்களைப் பார்க்கலாம் என்ற பட்டியல். அழகான எழுத்து. பக்கத்தில் சின்னச் சின்னப் படங்களும் கீறியிருந்தார்.

அந்தத் தாளில் பாதி என்னுடைய கண். சின்யோராவுக்கு முழங்கால் சரியில்லை, தோட்டத்தின் கடைசி வரை போக முடியாது. நான் விடிய வந்து ஒரு சுற்று நடந்துவிட்டு, கோப்பி குடிக்கும்போது பார்த்ததைச் சொல்வேன். அவர் கொப்பியில் எழுதுவார். எந்த மரம், எந்த மூலை, எத்தனை மணி என்று பொலிஸ்காரர் மாதிரிக் கேட்பார்.

முதல் வருடம் எனக்கு ஒன்றும் தெரியாது. மதிலடியில் ஒரு கறுத்த பாம்பைக் கண்டேன். என் உயரம் இருக்கும். அடிக்க மனம் வரவில்லை. ஒரு சிரட்டையில் பால் ஊற்றிக் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டேன். அடுத்த நாள் பார்த்தால் சிரட்டையில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது ஒரு முள்ளெலி. சின்யோரா கண்டுவிட்டு என்னை ஏசின ஏச்சு கொஞ்சமில்லை. முள்ளெலிக்குப் பால் கொடுத்தால் வயிறு கெட்டுச் செத்துப்போகுமாம். அந்தப் பாம்புக்கு விசமும் இல்லையாம், பாலும் தேவையில்லையாம். எலி பிடிக்கத்தான் அதைத் தோட்டத்தில் விட்டு வைத்திருக்கிறாராம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பழகினேன். பழைய எலுமிச்சைக் களஞ்சியத்தின் கூரையில் ஒரு கூகை இருக்கிறது, முகம் மாவில் தோய்த்த தட்டு மாதிரி. நம் ஆட்கள் கண்டால் துரத்திவிடுவார்கள், நான் துரத்தவில்லை. சித்திரை பிறக்கிற நேரம் கொண்டலாத்தி வரும். கொண்டையை விரித்தால் ராணி. கூட்டுக்குக் கிட்டப் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவு நாற்றம். முள்ளம்பன்றி கண்ணில் படுவதில்லை. கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளை விட்டுவிட்டு, சின்யோராவின் பூக்கிழங்குகளை எல்லாம் கிளறித் தின்றுவிட்டுப் போகும். நரி அத்திப்பழம் தின்னும். நரி எச்சத்தில் அத்தி விதையைக் கண்டபோது நான் நம்பவில்லை, குச்சியால் கிண்டிப் பார்த்தேன். சுவரில் பல்லிகளும் உண்டு. ஏழு வருடத்தில் ஒன்றுகூட எனக்குச் சத்தம் போட்டுச் சகுனம் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

தாளின் கடைசி வரி பெப்பினா. "நடக்கும்போது கீழே பாருங்கள், வீட்டின் மூத்தவர் அங்கே இருக்கலாம்" என்று எழுதியிருந்தது. பெப்பினா தரை ஆமை. மஞ்சளும் கறுப்புமான ஓடு, இடது பக்கம் ஒரு பழைய வெடிப்பு. சின்யோரா பிறக்க முதலே அந்தத் தோட்டத்தில் இருந்ததாம். அதற்கு அரசாங்கப் பதிவு இருக்கிறது, தோலுக்குள் சிப் இருக்கிறது. அந்த ஆமைகளை யாரும் பிடிக்கவோ விற்கவோ முடியாது, சட்டம். எங்கள் ஆட்கள் பத்துப் பேரைவிட அதனிடம் ஒழுங்கான பத்திரம் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று

வைகாசியில் ஒரு ஞாயிறு, காலையில் குடிபூரல் வைத்தேன். இரண்டு அறைதான், அதுவும் அடுத்தவர் வீட்டு அறை. ஆனால் பால் காய்ச்சாமல் எப்படிப் போய்ப் படுப்பது?

ஐயர் கிடைக்கவில்லை. பரமலிங்கம் அண்ணையைத்தான் கேட்டேன். பிரான்காச்சோவில் எங்களுக்கு ஒரு மாடி கீழே இருந்தவர். எங்கள் தமிழ் மன்றத்தில் மூத்தவர். நாள் பார்ப்பது, கும்பம் வைப்பது, தேவாரம் பாடுவது எல்லாம் அவர்தான். பிழை சொல்லக்கூடாது, கூப்பிட்டவுடன் வருவார். எனக்கு அவரில் மரியாதை இருந்தது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

மனைவி ராணி அக்காவோடு வந்தார். தேங்காய்களை ஒரு உரப்பையில் போட்டு அவரே தூக்கி வந்தார். மாவிலை கிடைக்காமல் எலுமிச்சை இலையைக் கும்பத்தில் வைத்தோம். சின்யோராவும் வந்து கதிரையில் இருந்தார். அவருக்கு நெற்றியில் சந்தனம் வைத்தேன், சிரித்தார்.

அடுப்பு உள்ளறையில். எல்லோரும் அதைச் சுற்றி நின்று பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரமலிங்கம் அண்ணை மட்டும் முன்வாசலில் தேங்காய் உடைக்க நின்றார். கதவு அகலத் திறந்திருந்தது. பால் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது. நல்லது என்று எல்லோரும் சொன்னோம்.

திரும்பிப் பார்த்தால் அவர் உரப்பையின் வாயை மடித்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெளிறியிருந்தது. சாப்பிடாமல் போகப்போவதாகச் சொன்னார். அவசர வேலையாம், ஞாயிற்றுக்கிழமை. ராணி அக்காவைப் பிறகு யாராவது காரில் கொண்டுவந்து விடட்டுமாம். நான் காலையில் நாலு மணிக்கு எழும்பிப் பயத்தம் பருப்புப் போட்டுப் புக்கை செய்திருந்தேன். குடிபூரல் வீட்டில் கை நனைக்காமல் போகிறாரே என்று மனம் நொந்தது. அவ்வளவுதான் நினைத்தேன்.

பதினொரு நாள்

அடுத்த நாள் காலைதான் சின்யோரா சலாட் இலையோடு வந்து நின்றது.

முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பற்றையாகத் தேடினோம். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்தேன். முழங்கை எல்லாம் முள் கீறிவிட்டது. மூன்றாம் நாள் காட்டுத்துறைப் பொலிஸில் இரண்டு பேர் வந்தார்கள். பதிவு செய்த ஆமை காணாமற் போனால் அறிவிக்க வேண்டும், அதுதான் முறை. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த ஞாயிறு வீட்டுக்கு யார் யார் வந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவராகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களை எழுத முடியாமல் அவர்கள் பட்ட பாடு வேறு.

அவர்கள் போன பிறகு சின்யோரா என்னைச் சமையலறையில் இருத்தினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்: "மாலா, உனக்குத் தெரிந்தால் சொல்லு. நான் கோபிக்க மாட்டேன்."

ஏழு வருடம் அவருடைய தங்கச் சங்கிலியை மேசையில் கண்டு எடுத்து டப்பாவில் வைத்தவள் நான். அந்தக் கேள்வியோடு எல்லாம் போய்விட்டது. ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மாத முடிவுவரை பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து என்னோடு கோப்பி குடிக்கவில்லை. நான் காலையில் சுற்று நடந்துவிட்டு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்பேன். கொண்டலாத்திக் குஞ்சு வெளியே தலை நீட்டியதைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

இப்போது கேளுங்கள் கூத்தை. அந்தக் கவலையில் நான் யாருக்கு ஃபோன் எடுத்தேன் தெரியுமா? பரமலிங்கம் அண்ணைக்கு.

"அண்ணை, காணாமப் போனது திரும்பக் கிடைக்க ஏதும் நேர்த்தி இருக்கோ?"

டிவியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிடு பிள்ளை. யோசிக்காதை."

நேர்ந்தேன். ஒன்றல்ல, மூன்று.

அந்த வெள்ளி மன்றத்தில் பூசை. நான் போகவில்லை, போக முகம் இல்லை. மனுசன் போய்விட்டு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே இருந்தார். என்னப்பா என்று கேட்டேன்.

"நீ ஆமையை வித்துப்போட்டாய் எண்டு கதைக்கினம்."

"ஆர் சொன்னது?"

"சாப்பாட்டுப் பந்தியிலை. பரமலிங்கம் அண்ணைதான் துவங்கினவர். தான் ஏழு வருசம் மேலும் கீழுமாய் இருந்து பார்த்ததாம், உன்ரை குணம் தனக்குத் தெரியுமாம்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். வீட்டிலிருந்து கொண்டுபோன பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன் என்றார். என் மனுசன் எதையும் பாதியில் விடமாட்டார், சாப்பாட்டையும் விடமாட்டார். அன்று கதையையும் சாப்பாட்டையும் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

கராஜில் ஒரு மகாராணி

பதினோராம் நாள் மத்தியானம் சின்யோரா செருப்பில்லாமல் முற்றத்தில் ஓடி வந்தார். ஊன்றுகோலும் இல்லை. கையில் ஃபோன். ஒரு மிருக வைத்தியர் கூப்பிட்டிருக்கிறார். யாரோ ஒரு மெக்கானிக் ஒரு ஆமையைக் கொண்டுவந்து காட்டினாராம், கருவியை வைத்தால் சிப்பில் சின்யோராவின் பெயர் வந்ததாம். உயிரோடு இருக்கிறதாம்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வந்தது, பதினொரு நாளும் அரைமூச்சுத்தான் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கராஜ் எங்கே என்று கேட்டால், பிரான்காச்சோவில். எங்கள் பழைய மாடி வீட்டுக்குப் பின்பக்கம். சின்யோராதான் கார் ஓட்டினார். அவர் ஓட்டுவதைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நினோ என்கிற அந்த மெக்கானிக்கின் முகம் எனக்குத் தெரியும். எண்ணெய்க் கையை நீட்டாமல் முழங்கையை நீட்டினான். தூக்கி வைத்த ஒரு காருக்குக் கீழே, குளிர்ந்த சீமெந்தில், பெப்பினா இருந்தது. முன்னால் சுரைக்கொடித் தளிர் ஒரு கட்டு. பலெர்மோக்காரர் அதைத்தான் கோடையில் சூப்பில் போடுவார்கள். பெப்பினா ஒரு தளிரை வாயில் வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நாங்கள் செத்துப் பிழைத்தது அதற்கு ஒரு செய்தியே இல்லை. சின்யோரா சீமெந்தில் முழங்காலை ஊன்றிவிட்டார், அந்த முழங்காலை.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று பயந்துதான் வைத்தியரிடம் கொண்டுபோனானாம் நினோ. எப்படி வந்தது என்று கேட்டோம். கராஜுக்குப் பின்னால் அவன் சுரையும் கத்தரியும் போட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஒரு ஞாயிறு, நல்ல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனுசன், நெற்றியில் சாம்பல் பூசியவர், ஒரு சாக்கைத் திறந்து ஆமையை எடுத்து அதற்குள் விட்டாராம்.

"விட்டுவிட்டு என்ன செய்தார் தெரியுமா?" என்று நினோ சிரித்தான். இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "கும்பிட்டார். ஆமையைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நானும் ஏதோ புனித ஆமை போல என்று நல்ல சாப்பாடு போட்டேன்."

யார் என்று தெரியுமா என்று சின்யோரா கேட்டார். தெரியாமல் என்ன, அவருடைய காருக்குப் போன மாதம் நான்தானே பிரேக் போட்டேன் என்றான்.

எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த மடித்த உரப்பை அப்போதே கண் முன்னால் வந்துவிட்டது.

ஒரு ஓம்

சின்யோராவைக் கராஜில் இருத்திவிட்டு நான் படி ஏறினேன். ராணி அக்கா கதவைத் திறந்தார். என்னைக் கண்டவுடன் தலையைக் குனிந்துகொண்டார். பரமலிங்கம் அண்ணை பெனியனோடு டிவிக்கு முன்னால் இருந்தார்.

"அண்ணை, ஆமையைக் கொண்டுபோனது நீங்களோ?"

"ஓம்."

டிவியை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "குடிபூரல் அண்டு, பால் பொங்கிற நேரம், ஆமை வாசல்படி ஏறி உள்ளுக்கு வந்துது பிள்ளை. நீ அதைக் கண்டிருந்தால் அந்த வீட்டிலை ஒரு நாள் நித்திரை கொள்ளுவியோ? அதுதான் உனக்குத் தெரியாமல் எடுத்தனான். கிட்ட விட்டால் திரும்பி வந்திடும் எண்டுதான் இவ்வளவு தூரம் கொண்டு வந்தது. காட்டு ஆமை எண்டு நினைச்சன். உதுக்குப் பேரும் பத்திரமும் இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. இதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும். வீட்டுக்குள் ஆமை வந்தால் கூடாது என்று எனக்கும்தான் சொல்லி வளர்த்தார்கள். அன்று நான் கண்டிருந்தால் உண்மையிலேயே நடுங்கியிருப்பேன். எனக்காகத்தான் செய்தார். சாப்பிடாமல் போனதும் எனக்காகத்தான். நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு உதவி செய்ய மாட்டார்கள்.

"அது சரி அண்ணை. பிறகு? நான் ஃபோன் எடுத்துக் கேட்டனே. அப்ப ஏன் சொல்லேல்லை?"

"பொலிஸ் வந்ததெண்டு கேள்விப்பட்டன். எனக்கும் பெர்மெசோ இருக்குப் பிள்ளை."

"அதுக்காக நான் வித்தனெண்டு சொன்னியளோ?"

ராணி அக்காதான் சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார்: "உதைத்தான் நானும் போன வெள்ளியிலையிருந்து கேக்கிறன். ஆளுக்கு வாயிலை கொழுக்கட்டை."

கடைசியில் அவர் எழும்பி என் முன்னால் வந்து நின்றார். இப்போதே மன்னிப்புக் கேட்கிறாராம், காலில் விழச் சொன்னாலும் விழுகிறாராம். மன்றத்தில் மட்டும் கதைக்க வேண்டாமாம், இத்தனை வருடமாகத் தேவாரம் பாடிய இடமாம்.

என் பெயரைக் கெடுத்ததும் அதே இடம்தான் அண்ணை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இப்போது

சின்யோராவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதலில் விளங்கவில்லை. விளங்கியவுடன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சிரிப்பு நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது என்றார். கேட்டிருக்கக்கூடாதுதான் என்று நானும் சொன்னேன். பின்னால் சத்தமாக ஹோர்ன் அடித்தார்கள், இருவரும் அசையவில்லை.

ஆமை கிடைத்துவிட்டது, தவறுதலாக எடுத்துப்போனது, முறைப்பாடு இல்லை என்று அவரே பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தார். மாத முடிவுக்கு முதலே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். பெர்மெசோவுக்குக் கடுதாசி எல்லாம் கொடுத்தாயிற்று. காலையில் கோப்பி குடிக்கிறோம். போன செவ்வாய் பெப்பினா மறுபடியும் என் வாசல்படி ஏறியது. உள்ளே வந்து, அடுப்படி வரை போய், ஒன்றும் இல்லையென்று கண்டு திரும்பிப் போனது. நான் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன். எழும்பவில்லை. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

என் கதை அப்படி முடிந்தது. ஆனால் போன வெள்ளி மன்றத்தில் ஒரு அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து, ஆமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாமே, நல்ல காரியம் என்று காதுக்குள் சொன்னார். நான் மனம் திருந்திவிட்டேனாம். பரமலிங்கம் அண்ணை நாலு அடி தள்ளி நின்று திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது. கேட்டும் அடுத்தவருக்குத் திருநீறு நீட்டினார்.

பரமலிங்கம் அண்ணை, இனி உங்களுக்குப் பொலிஸ் பயம் இல்லை. பெர்மெசோவுக்கு ஆபத்தும் இல்லை. மறைக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. எனக்குத் தனியாகச் சொன்ன மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதை நான் விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வெள்ளி, பூசை முடிந்து, சனம் பந்தியில் இருக்கும்போது எழும்பி நின்று பதில் சொல்லுங்கள். அன்றைக்கு என் மனுசன் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனபோது யார் யார் இருந்தார்களோ, அவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

ஆமையை நான்தான் கொண்டுபோனேன், மாலா விற்கவில்லை. ஐந்து சொல்தான் அண்ணை. நான் முன்வரிசையில் இருப்பேன்.